அஞ்சலட்டையில் எசப்பாட்டு: இரண்டு மலைகளுக்கு நடுவே ஒரு கார்டுப் போட்டி

குன்னூரில் ஒருவர், கொடைக்கானலில் ஒருவர். மாதம் இரண்டு கார்டு, ஆளுக்கு 12 சுற்று. எந்த ஊர் உசத்தி, யார் கார்டு கூர்மை என்று ஆறு மாதம் மோதிக்கொள்வதற்கு ஒருவருக்கு ஆகும் தபால் செலவு 6 ரூபாய். அஞ்சலட்டை இன்னும் 50 காசுதான். 1879 ஜூலை 1 அன்று இந்தியாவில் முதல் கார்டு வந்தபோது அதன் விலை கால் அணா.

செலவு குறைவு என்பதால் பலர் இந்தப் போட்டியை உற்சாகமாகத் தொடங்குகிறார்கள். மூன்றாவது கார்டிலேயே நின்றுவிடுகிறது. பெரும்பாலும் சோம்பல் காரணமில்லை. தபாலின் நடைக்கு ஏற்ற விதிகளை முதலிலேயே பேசி வைக்காததுதான் காரணம். அதனால் விதியிலிருந்து தொடங்குவோம்.

ஒருவர் மாற்றி ஒருவர் வேண்டாம்

'நீ எழுது, அது வந்ததும் நான் பதில் எழுதுகிறேன்' என்ற ஏற்பாடு தபாலில் சரிப்படாது. ஒரே ஒரு கார்டு தொலைந்தாலும் இரண்டு பேரும் மற்றவர் எழுதட்டும் என்று உட்கார்ந்துவிடுவார்கள். மலைக்குக் கார்டு தாமதமாக வருவது சகஜம். நீலகிரிக் கார்டு மலையிறங்க வேண்டும், சமவெளியில் பிரிபட வேண்டும், திரும்பவும் கொடைக்கானலுக்கு மலையேற வேண்டும். நவம்பரில் ஏதாவது ஒரு மலைப்பாதையில் மண் சரிந்தால் அந்த வாரக் கட்டு அப்படியே நின்றுவிடும்.

ஆகவே தேதியை நிலைப்படுத்துங்கள். இருவரும் 1-ஆம் தேதி ஒன்று, 15-ஆம் தேதி ஒன்று. எதிராளியின் கார்டு வந்திருந்தாலும் வராவிட்டாலும் பெட்டியில் போட்டாக வேண்டும். கையில் கடைசியாகக் கிடைத்த கார்டுக்குப் பதில் எழுதினால் போதும். இதனால் இரண்டு கார்டுகள் வழியில் ஒன்றையொன்று கடந்து போகும். பழகினால் அதுவே ருசி. நீங்கள் போட்ட கிண்டல் போய்ச் சேருமுன்பே அதற்குத் தோதான அடி அங்கிருந்து கிளம்பியிருக்கும்.

ஒவ்வொரு கார்டின் மேல் மூலையிலும் வரிசை எண்ணும் தேதியும் எழுதுங்கள். குன்னூர்க்காரர் 'கு 1, கு 2', கொடைக்கானல்காரர் 'கோ 1, கோ 2'. அதன் கீழேயே எந்தக் கார்டுக்குப் பதில் என்பதையும் குறியுங்கள்: 'கோ 4, கு 3-க்குப் பதில்'. தபால் முத்திரையின் தேதியை நம்பி விதி போடாதீர்கள். பாதி முத்திரைகள் மை பரவி மங்கலாகத்தான் விழும்.

பெட்டியில் போடுமுன் கார்டின் இரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அனுப்புவதற்கல்ல, தொலைந்தால் நகல் எழுத. 20 நாளாகியும் வரவில்லை என்று எதிராளி சொன்னால் அதே எண்ணைப் போட்டு 'நகல்' என்று குறித்து மறுபடி எழுதி அனுப்ப வேண்டும். வரிகளை மாற்றக் கூடாது. எதிராளியின் அடுத்த கார்டைப் பார்த்த பிறகு பழைய கார்டைக் கூர்மைப்படுத்தினால் அது கள்ளாட்டம்.

போனைப் பற்றி ஒரே விதிதான், ஆனால் கண்டிப்பான விதி. 'கோ 4 வரவில்லை' என்பதைத் தவிர கார்டைப் பற்றி எதையும் போனில் பேசக் கூடாது. 'வந்துச்சுடா, செம' என்று ஒரு வரி போய்விட்டால் அடுத்த கார்டுக்குச் சேர்த்து வைத்த சூடெல்லாம் அதோடு தணிந்துவிடும்.

கார்டு, பேனா, மழை

தபால் நிலையத்துக் கார்டு 14 செ.மீ. நீளம், 9 செ.மீ. அகலம். முழுவதும் வெறுமையாக உள்ள பக்கத்தில் ஓரமாக அரை செ.மீ. விட்டு, வரிக்கு 7 மி.மீ. இடைவெளியில் எழுதினால் 11 வரி பிடிக்கும். தமிழ் எழுத்து அகலமானது. ஒரு வரியில் சராசரியாக 5 சொல். ஆக 55 சொல். முகவரிப் பக்கத்தின் இடது பாதியிலும் எழுதலாம், அதில் இன்னும் 20 சொல் வரும். ஆனால் அந்தப் பாதியின் மேற்புறம் இரண்டு விரற்கடை இடத்தை விட்டுவிடுங்கள். முத்திரை சில சமயம் அங்கேயும் நீளும், மோதிரக் கறுப்பாக உங்கள் நல்ல வரியின் மேல் விழும்.

75 சொல்தான் மொத்தம் என்பதால் 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்குவதைப் போட்டிக் கார்டில் தவிர்க்கலாம். அதை வைத்தே கிண்டல் செய்வதாக இருந்தால் மட்டும் செலவழியுங்கள். முதலில் ஒரு தாளில் எழுதி, எண்ணிப் பார்த்து, பிறகு கார்டில் ஏற்றுவது நல்லது. கடைசி இரண்டு வரி எறும்பு ஊர்ந்த மாதிரி நெருங்கிப் போவதற்குக் காரணம் நேரடியாகக் கார்டில் எழுதுவதுதான். அடியின் பலமெல்லாம் கடைசி வரியில் இருக்கும், எதிராளியால் அதைத்தான் படிக்க முடியாமல் போகும்.

பேனா விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள்: சாதாரண பால்பாயிண்ட் பேனா, கறுப்பு அல்லது நீலம். மைப்பேனா எழுத்து அழகுதான். ஆனால் மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தைக் குடித்த அட்டையில் மை கிளை விட்டு ஊறும், ஒரு துளி விழுந்தால் அழிந்தே போகும். பெரும்பாலான ஜெல் பேனாவும் அப்படித்தான். ஸ்கெட்ச் பேனா மறுபக்கம் வரை இறங்கி முகவரியைக் கெடுக்கும். படம் வரைய ஆசையென்றால் பென்சில் அல்லது மெழுகு கிரேயான். பென்சில் கோடு தண்ணீருக்கு அழியாது.

மழைக்காலம் இரு மலைக்கும் ஒன்றல்ல. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கொட்டும். குன்னூர், கோத்தகிரியிலும் கொடைக்கானலிலும் அக்டோபர், நவம்பர்தான் கடுமை. அந்த மாதங்களில் முகவரியின் மேல் மட்டும் ஒரு மெழுகுவர்த்தித் துண்டை லேசாக இரண்டு முறை தேய்த்துவிடுங்கள். தபால்காரர் பையில் சாரல் பட்டாலும் முகவரி நிற்கும். தபால்தலை அச்சான மூலையில் தேய்க்காதீர்கள், முத்திரை மை அதில் ஒட்டாது. எழுதாத கார்டுகளை மூடி இறுகிய பிஸ்கட் டப்பாவில் வையுங்கள். ஈரம் ஏறிய அட்டையில் பால்பாயிண்ட் வழுக்கி வழுக்கி எழுதும்.

சின்னக் கிளைத் தபால் நிலையங்களில் கார்டு இருப்பு இல்லாமல் போகும். டவுனுக்குப் போகும்போது பெரிய தபால் நிலையத்தில் 15 கார்டாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 12 போட்டிக்கு, 3 நகலுக்கும் எழுத்துப் பிழைக்கும். வீட்டில் பழைய 25 காசுக் கார்டு கிடக்கலாம். அப்படியே போடாதீர்கள், குறைகிற காசுக்குத் தபால்தலை ஒட்டுங்கள். இல்லையென்றால் அது பேரிங் தபாலாகி, குறைந்த தொகையின் இரு மடங்கை எதிராளியிடம் வசூலிப்பார்கள். கார்டின் மேல் யூகலிப்டஸ் இலை, பூ, ஸ்டிக்கர் என்று ஒட்டினாலும் அதே கதைதான். தடித்துப் போனால் அது கார்டாகவே கணக்கில் வராது, கடிதக் கட்டணம் கேட்பார்கள். அலங்காரம் எல்லாம் கையால் வரைந்ததாகவே இருக்கட்டும். கடையில் வாங்கிய படக் கார்டு அனுப்புவதாக இருந்தால் கவுண்டரில் காட்டி, சொல்கிற மதிப்புக்குத் தபால்தலை வாங்கி ஒட்டுங்கள்.

முகவரியில் விளையாட்டு வேண்டாம்

செய்திப் பக்கத்தில் எதிராளியை எப்படி வேண்டுமானாலும் கூப்பிடுங்கள். முகவரியில் வீட்டுப் பெயர்ப் பலகையில் உள்ள பெயரே இருக்க வேண்டும். 'ஏரிக்கரைச் சக்கரவர்த்தி, கொடைக்கானல்' என்று போட்டால் வழக்கமான தபால்காரர் சிரித்துக்கொண்டே கொண்டுவந்து கொடுப்பார். அவர் விடுப்பில் இருக்கும் வாரம் கார்டு சுற்றித் திரியும்.

எஸ்டேட்டில் இருப்பவருக்கு எஸ்டேட் பெயரோடு டிவிஷனும் லைன் எண்ணும் அவசியம். ஹட்டி எனப்படும் படகர் ஊர்களுக்கு எழுதும்போது ஊர்ப் பெயரை முழுதாக எழுதி, அடுத்த வரியில் 'கோத்தகிரி வழி' என்பது போலக் குறியுங்கள். கடைசி வரியில் பின்கோடு. குன்னூர் 643101, உதகை 643001, கோத்தகிரி 643217, கொடைக்கானல் 624101.

1972 ஆகஸ்ட் 15-இல் வந்த இந்த ஆறு இலக்கத்தைப் பலர் சம்பிரதாயமாக நினைக்கிறார்கள். கூடலூருக்குக் கார்டு போட்டுப் பாருங்கள், அதன் அருமை தெரியும். நீலகிரியில் ஒரு கூடலூர், தேனி மாவட்டத்தில் ஒரு கூடலூர், 'கூ' என்பது 'க' ஆகிவிட்டால் கடலூர். மூன்றையும் பிரிப்பது முதல் மூன்று இலக்கம்தான்: நீலகிரிக்கு 643, தேனிக் கூடலூருக்கு 625, கடலூருக்கு 607. குன்னூர்ப் பக்கத்து மேலூருக்கும் மதுரைப் பக்கத்து மேலூருக்கும் இதே தொல்லை உண்டு.

பெட்டியின் மேல் எடுக்கும் நேரம் எழுதியிருக்கும். பார்த்துப் போடுங்கள். பாதையோரத்துப் பெட்டி துருப்பிடித்து ஒழுகுவதாக இருந்தால் மழை மாதங்களில் நேராகத் தபால் நிலையத்துப் பெட்டிக்கே போய்விடுங்கள்.

பிடி கொடுத்து அடிப்பது

இனி எழுத்து. கிராமத்து எசப்பாட்டில் ஒருவர் பாடி முடிக்கும் இடத்தில் அடுத்தவர் பிடித்துக்கொள்வார். கார்டுப் போட்டியும் அதுவேதான். எதிராளி வாயே திறக்க முடியாதபடி அடிக்கிற கார்டு நல்ல கார்டு அல்ல. அதற்குப் பதில் வராது, வந்தாலும் சுரத்திருக்காது. திருப்பி அடிக்க ஒரு பிடியை வேண்டுமென்றே விட்டு வைக்க வேண்டும். அந்தப் பிடியை எதிராளி கண்டுபிடிக்கிறாரா என்று பதினைந்து நாள் காத்திருப்பதில்தான் போட்டியின் உயிர் இருக்கிறது.

தொடக்கத்துக்கு ஏற்றது அந்தாதி. ஒரு கார்டின் கடைசிச் சொல் பதில் கார்டின் முதல் சொல்லாக வர வேண்டும். இது வெறும் அழகுக்கு மட்டுமல்ல. கார்டுகள் முன்பின்னாக வந்தாலும் எதற்கு எது பதில் என்று அந்தச் சொல்லே காட்டிக்கொடுத்துவிடும். கூடவே இன்னொரு விதி: ஒவ்வொரு கார்டிலும் ஊர்ப் பெருமை ஒன்று இருக்க வேண்டும், அது சரிபார்க்கக் கூடிய உண்மையாக இருக்க வேண்டும். ஒரு மாதிரி:

கு 1: 'மாப்ள, எங்க ரயிலுக்குப் பல் இருக்கு, தெரியுமா? கல்லாறில் தண்டவாளத்தைக் கடிக்க ஆரம்பித்தால் குன்னூரில்தான் வாயைத் திறக்கும். 2005-இலிருந்து உலகப் பாரம்பரியச் சின்னம். உங்க ஊருக்கு வேர்க்க விறுவிறுக்க பஸ்தானே ஏறும்?'

கோ 2, கு 1-க்குப் பதில்: 'ஏறும் ரயிலை நடக்கிறவனே முந்திவிடுகிறான், இதில் பல் வேறயா! எங்க குறிஞ்சியைப் பார். 12 வருஷம் யோசித்துவிட்டுத்தான் பூக்கும். 2018-இல் பூத்தது, இனி 2030. வருஷா வருஷம் பூக்கிற அவசரக்காரப் பூவெல்லாம் உங்க மலைக்கு.'

இந்தப் பதிலில் இரண்டு பிடி இருக்கிறது. முதலாவது தவறுதலாக விழுந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு 46 கி.மீ., ரயில் ஏற ஏறக்குறைய 5 மணி நேரம். மணிக்கு 9 கி.மீ. சொச்சம் வருகிறது, எந்த மனிதனும் மலையில் அந்த வேகத்தில் நடப்பதில்லை. குன்னூர்க்காரர் கணக்குப் போட்டுக் காட்டி ஒரு மதிப்பெண்ணைப் பிடுங்கலாம். இரண்டாவது தெரிந்தே விட்டது. குறிஞ்சி நீலகிரியிலும் பூக்கிறது, நீலகிரி என்ற பேரே அந்தப் பூவின் நிறத்தால் வந்தது என்று சொல்வார்கள். 'மலைக்கு' என்று முடிந்த கார்டுக்கு 'மலைக்குப் பேரே அந்தப் பூவால்தானடா வந்தது' என்று எடுக்க எவ்வளவு வாகாக இருக்கிறது பாருங்கள்.

பெருமைக்குச் சரக்கு இரு பக்கமும் ஏராளம். நீலகிரிக்குத் தொட்டபெட்டா 2,637 மீட்டர், 1848-இல் தொடங்கிய உதகைத் தாவரவியல் பூங்கா, தோடர் பூவேலை. கொடைக்கானலுக்கு 1863-இல் உருவான ஏரி, 1899-இல் அமைந்த சூரிய ஆய்வகம், 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு. எல்லாவற்றையும் முதல் மூன்று கார்டில் கொட்டிவிடாதீர்கள். கார்டுக்கு ஒன்றே ஒன்று. தகவல் இரண்டானால் கிண்டலுக்கு இடமிருக்காது, கார்டு பாடப்புத்தகமாகிவிடும்.

நாலைந்து சுற்று போன பிறகு ஈற்றடிப் போட்டிக்கு ஏறுங்கள். ஒருவர் வெண்பாவின் கடைசி அடியை மட்டும் கொடுப்பார். மற்றவர் முதல் மூன்று அடியையும் எழுதி, கொடுத்தவருக்கே எதிராக அதைத் திருப்ப வேண்டும். வெண்பா கார்டுக்கென்றே அளந்து செய்தது போன்றது. மூன்று அடிக்கு நான்கு சீர், ஈற்றடிக்கு மூன்று, மொத்தம் 15 சீர். கார்டில் பாதி இடம் கூட ஆகாது, மீதியில் வசனமாக வம்பிழுக்கலாம். மா முன் நிரை, விளம் முன் நேர், காய் முன் நேர் என்ற தளையும், ஈறு நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாட்டில் ஒன்றாக முடிவதும் தெரிந்தால் போதும்.

குன்னூர்க்காரர் கொடுத்த ஈற்றடி 'குளிருக்கு வர்க்கியே கூட்டு' என்று வைத்துக்கொள்வோம். குளிருக்கு, நீலகிரியின் மொறுமொறு பிஸ்கட்டான வர்க்கிதான் தொட்டுக்கொள்ளத் துணை என்ற பெருமை. கொடைக்கானல் பதில் இப்படி வரலாம்:

பூண்டுக் குழம்பூற்றிப் போட்டாலே சூடேறும்
வேண்டாமே கம்பளி வேறெதுவும் – யாண்டும்
நளிருமுங்கள் ஊரில் நடப்பதென்ன கேள்நீ
குளிருக்கு வர்க்கியே கூட்டு

ஒரு எழுத்தும் மாறவில்லை. 'கூட்டு' இப்போது கூட்டாளி ஆகிவிட்டது. நடுக்குகிற குளிரோடு வர்க்கி கூட்டுச் சேர்ந்துவிட்டது என்று குற்றச்சாட்டாகிவிட்டது. ஈற்றடி கொடுப்பவர் இரண்டு பொருள் தரும் சொல்லை இறுதியில் வைத்தால்தான் இப்படித் திருப்ப முடியும். ஒரே பொருள் சொல்லில் முடித்தால் எதிராளி ஒத்துப்பாட மட்டுமே முடியும். யாப்பு தெரியாதவர்கள் இதையே சாதாரண நாலு வரியில் செய்யலாம், கடைசி வரி மாறக் கூடாது என்பது மட்டும் விதி.

விடுகதை, குறுக்கெழுத்துக் கட்டம் எல்லாம் இடையிடையே ஒரு மாறுதலுக்கு நல்லது. சதுரங்கம் வேண்டாம். கார்டுக்கு ஒரு நகர்வு என்றால் ஓர் ஆட்டம் முடிய இரண்டு மூன்று வருஷம் ஆகும்.

யார் யார் படிப்பார்கள்

கார்டு திறந்த கடிதம். தபால் நிலையத்தில் பிரிப்பவர், கொண்டுவருபவர், வீட்டில் வாங்குகிற அம்மா, அண்ணி, எல்லோர் கண்ணிலும் படும். மலையூர்களில் எதிராளிக்கு முன்பே பக்கத்து டீக்கடை படித்திருக்கும். ஆகவே கிண்டல் ஊரைப் பற்றி, குளிரைப் பற்றி, எதிராளியின் கையெழுத்தையும் போன கார்டையும் பற்றி இருக்கட்டும். வேலை, கடன், கல்யாணப் பேச்சு, உடம்பு எதுவும் வேண்டாம். குரல் இல்லாத கிண்டல் இரண்டு மடங்கு கனமாக விழும். எழுதியதை எதிராளியின் அப்பா வாய்விட்டுப் படிப்பதாக நினைத்து ஒரு முறை படித்துப் பாருங்கள், சந்தேகமான வரி தானாகத் தெரிந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. கார்டைச் சுற்றிக் கறுப்புக் கட்டம் போடாதீர்கள், மூலையில் கறுப்பு மை தடவாதீர்கள். பெரியவர்கள் உள்ள வீட்டில் அது இன்னும் சாவுச் சேதிதான், படிக்குமுன் நெஞ்சு பதறும். நாலு மூலையிலும் மஞ்சள் தடவினால் நல்ல செய்தி. அதைக் கடைசிச் சுற்றின் வெற்றிக் கார்டுக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரு சிட்டிகை மஞ்சள்தூளுக்கு நாலு துளி தண்ணீர் விட்டுக் குழைத்து, விரல் நுனியால் மெல்லியதாகத் தொட்டு, ஒரு மணி நேரம் காயவிட்டு அனுப்புங்கள். தடிப்பாகத் தடவினால் கட்டில் உள்ள மற்றவர் கார்டிலும் ஒட்டும்.

மதிப்பெண்

கார்டைப் பெற்றவரே மதிப்பெண் போட வேண்டும், அடுத்த கார்டின் மூலையில் குறித்து அனுப்ப வேண்டும். அந்தாதி பிடித்ததற்கு 1, சரியான தகவலுக்கு 1, விட்ட பிடியைக் கண்டுபிடித்து அடித்ததற்கு 2. வாய்விட்டுச் சிரித்திருந்தால் இன்னும் 1, மறைக்காமல். தேதி தவறினால் 1 கழியும். தகவல் பொய்யானால் அந்த 1 எதிராளிக்குப் போகும். ஆறு மாதத்தில் இருவரின் கார்டுக் கட்டுகளையும் மூன்றாவது நண்பர் ஒருவர் எண் வரிசைப்படி அடுக்கிப் படித்து, கணக்கைச் சரிபார்க்கட்டும். அவர் சமவெளிக்காரராக இருப்பது உத்தமம், இரு மலையும் அவருக்கு ஒன்றுதான்.

பந்தயம் சின்னதாக இருக்கட்டும். நீலகிரி தோற்றால் ஒரு கிலோ வர்க்கி, கொடைக்கானல் தோற்றால் ஒரு கிலோ மலைப்பூண்டு. நேரில் கொண்டுபோய்த்தான் கொடுக்க வேண்டும்.

வந்த கார்டுகளை லேமினேட் செய்யாதீர்கள், உள்ளே சிக்கிய ஈரம் மஞ்சளாகப் படரும். பிளாஸ்டிக் உறையிலும் பூசணம் வரும். காகித உறையில் போட்டு, டப்பாவில் இரண்டு துண்டு வசம்போடு வைத்து, பனி விலகிய பிப்ரவரி வெயிலில் ஒரு காலைப் பொழுது ஜன்னலோரம் பரப்பி எடுங்கள். அடுத்த போட்டி மார்ச் 1-ஆம் தேதி தொடங்கினால் ஆகஸ்ட் 15-க்குள் 12 சுற்றும் முடிந்து, அக்டோபர் மழைக்கு முன் பந்தயம் கைமாறிவிடும்.